மறுக்கத் தெரிந்த குழு: பள்ளி நிர்வாகத்தில் ஊர் மக்களுக்குத் தரப்படும் இடம் பற்றி ஒரு மதிப்புரை

அரசுப் பள்ளியில் பிள்ளையைச் சேர்க்கும் பெற்றோருக்கு வகுப்பறை, பாடநூல், ஆசிரியர் ஆகியவற்றோடு, பெரும்பாலோர் கேட்டு வாங்காத இன்னொரு சேவையும் சேர்ந்தே வருகிறது. அந்தப் பள்ளியை நடத்துவதில் ஒரு பங்கு என்பதே அது. இந்தியாவில் அதற்குப் பள்ளி மேலாண்மைக் குழு என்று பெயர். இங்கிலாந்தில் ஆளுநர் குழு. நியூசிலாந்தில் பள்ளி வாரியம். அமெரிக்காவில் கல்வி மாவட்ட வாரியம். கைப்பேசியையும் உணவகத்தையும் மதிப்பிடுவதுபோல இதையும் பயன்படுத்துபவரின் இடத்திலிருந்து மதிப்பிட்டுப் பார்க்கலாம் என்று எனக்கு நெடுநாளாக ஓர் எண்ணம். தருவதாகச் சொல்லப்படுவது என்ன, கைக்கு வந்து சேர்வது என்ன, அதற்கு நாம் செலவிடும் நேரமும் உழைப்பும் எவ்வளவு என்ற மூன்றையும் எந்தச் சேவையிடமும் கேட்கத்தானே செய்கிறோம்?

இப்படிப்பட்ட குழு ஒன்றில் பெற்றோர் பிரதிநிதியாகச் சில காலம் இருந்தவன் நான். முதல் கூட்டத்தில் எனக்குக் கிடைத்தவை ஒரு நாற்காலியும் ஒரு பேனாவும். தீர்மானப் புத்தகத்தில் அன்றைய தீர்மானங்கள் அனைத்தும் கூட்டம் தொடங்கும் முன்பே அழகான கையெழுத்தில் எழுதி முடிக்கப்பட்டிருந்தன. ‘உறுப்பினர்கள் ஒருமனதாக ஏற்றுக்கொண்டனர்’ என்ற வரிக்குக் கீழே எங்கள் ஒப்பத்துக்கான இடம் மட்டுமே காலியாக இருந்தது. தலைமையாசிரியர் யாரையும் ஏமாற்ற நினைத்தவர் அல்லர். அன்று மாலைக்குள் மேலிடத்துக்கு அறிக்கை போக வேண்டும், உறுப்பினர்களில் பாதிப் பேர் கூலி வேலையை விட்டுவிட்டு வந்திருக்கிறார்கள், அவர்களை நெடுநேரம் உட்கார வைக்கக் கூடாது என்பது அவருடைய கவலை. நானும் ஒப்பமிட்டுவிட்டுத்தான் வந்தேன். வீடு திரும்பும் வழியில்தான், அந்தத் தீர்மானங்களில் ஒன்றை நான் ஏற்கவில்லை என்று சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்தேன். ஒன்றும் ஆகியிருக்காது, எழுதியது எழுதியதுதான். அன்று முதல், எந்த நாட்டுப் பள்ளிக் குழுவைப் பற்றிப் படித்தாலும், அது எத்தனை முறை கூடுகிறது, அதில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதை விட்டுவிட்டு, அந்தக் குழு எதையாவது மறுக்க முடியுமா என்பதையே முதலில் பார்க்கிறேன். இந்த மதிப்புரையின் அளவுகோலும் அதுவே.

அந்த அளவுகோலில் மிக உயரத்தில் நிற்பது சிகாகோ நகரின் ஏற்பாடு. 1988இல் இல்லினாய் மாநிலச் சட்டமன்றம் நிறைவேற்றிய சீர்திருத்தச் சட்டத்தின்படி, அந்நகரப் பொதுப் பள்ளிகளுக்குத் தனித்தனியே உள்ளூர்ப் பள்ளி மன்றங்கள் அமைக்கப்பட்டன. ஆறு பெற்றோர், பள்ளியைச் சுற்றி வாழும் மக்களிலிருந்து இருவர், ஆசிரியர் இருவர், தலைமையாசிரியர் என்று அமைந்த அந்த மன்றத்தில் பெற்றோரே பெரும்பான்மை. தலைமையாசிரியரைத் தேர்ந்தெடுப்பது, நான்கு ஆண்டு ஒப்பந்தத்தில் அமர்த்துவது, ஒப்பந்தம் முடியும்போது புதுப்பிப்பதா வேண்டாமா என்று முடிவு செய்வது ஆகிய அதிகாரங்கள் அந்த மன்றத்திடம் தரப்பட்டன. பள்ளியின் மேம்பாட்டுத் திட்டமும், பள்ளியளவில் செலவிடத்தக்க தொகைக்கான வரவு செலவுத் திட்டமும் மன்றத்தின் ஒப்புதலைப் பெற்றாக வேண்டும். அதுவரை தலைமையாசிரியருக்கு இருந்த நிரந்தரப் பணிப் பாதுகாப்பை அதே சட்டம் நீக்கியது. மன்றத்தில் அமர்ந்திருக்கும் பெற்றோரின் முகத்தை நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறையாவது தலைமையாசிரியர் ஏறெடுத்துப் பார்க்கும்படி செய்த ஏற்பாடு இது.

1989 இலையுதிர்காலத்தில் நடந்த முதல் தேர்தலில் ஆர்வம் பெருகி வழிந்தது. இடங்களைக் காட்டிலும் பல மடங்கு வேட்பாளர்கள் நின்றார்கள். அந்த வேகம் நீடிக்கவில்லை. பிந்தைய தேர்தல்களில் பல பள்ளிகளில் இருக்கும் இடங்களுக்கு ஏற்ற அளவுகூட ஆள் நிற்கவில்லை. 1995இல் நகரப் பள்ளிகளின் ஒட்டுமொத்தக் கட்டுப்பாடு மேயரிடம் போனது; அப்போதும் மன்றங்கள் கலைக்கப்படவில்லை என்றாலும் அவற்றைச் சுற்றியிருந்த காற்று மாறிவிட்டது. வேடிக்கை என்னவென்றால், ஒவ்வொரு பள்ளிக்கும் மன்றத்தைத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்த நகர மக்கள், நகரம் முழுமைக்குமான கல்வி வாரியத்துக்கு வாக்களித்தது 2024 நவம்பரில்தான்; அதிலும் ஒரு பகுதி இடங்களுக்கு மட்டுமே. கிளையில் மக்களாட்சியும் வேரில் நியமனமுமாக முப்பத்தைந்து ஆண்டுகள் ஓடியிருக்கின்றன.

சிகாகோ ஒரு நகரம். இதே துணிவை ஒரு நாடு முழுவதும் காட்டியது நியூசிலாந்து. பிரையன் பிகாட் தலைமையிலான பணிக்குழு 1988இல் தந்த அறிக்கையைத் தொடர்ந்து, வட்டாரக் கல்வி வாரியங்களைக் கலைத்துவிட்டு, 1989இல் ஒவ்வொரு அரசுப் பள்ளியையும் பெற்றோர் தேர்ந்தெடுக்கும் வாரியத்திடம் ஒப்படைத்தார்கள். தலைமையாசிரியரையும் ஆசிரியர்களையும் பணியமர்த்துபவர் சட்டப்படி அந்த வாரியம்தான். மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை தேர்தல். மேல்நிலைப் பள்ளியானால் மாணவர் பிரதிநிதி ஒருவரும் உண்டு. ஆசிரியர் சம்பளத்தை மட்டும் அரசே நேரடியாகத் தருகிறது. இதை நான் மிக முதிர்ந்த முடிவாகக் கருதுகிறேன். ஏனெனில் சம்பளச் சுமையையும் தலையில் கட்டியிருந்தால், அனுபவமுள்ள ஆசிரியருக்குக் கூடுதல் ஊதியம் தர வேண்டியிருக்கும் என்பதற்காகவே புதியவரைத் தேர்ந்தெடுக்கும் நிலைக்கு ஏழைப் பகுதி வாரியங்கள் தள்ளப்பட்டிருக்கும்.

ஆனால் முழு அதிகாரத்தோடு முழுப் பொறுப்பும் வந்து சேர்ந்தது. கூரை ஒழுகினால் அதற்கும் வாரியம், மாணவனை நீக்கினால் அதற்கும் வாரியம், கணக்குத் தணிக்கையில் குறை வந்தால் அதற்கும் வாரியம். கணக்காளரும் வழக்கறிஞரும் குடியிருக்கும் பகுதியில் இவை பெரிய சுமையல்ல. மாலை நேரத்தில் இரண்டாவது வேலைக்குப் போகும் பெற்றோர் நிறைந்த பகுதியில் அப்படியல்ல. நிலை கைமீறிப் போனால் அரசு ஒரு சட்டப்பூர்வ மேலாளரையோ, வாரியத்தையே மாற்றிவிட்டு ஓர் ஆணையரையோ நியமிக்கலாம். பாலி ஹாக் தலைமையிலான குழு 2018 இறுதியில் இந்த ஏற்பாட்டை மறுஆய்வு செய்து, வாரியங்களின் பொறுப்புகளில் பெரும்பகுதியை வட்டார மையங்களுக்கு மாற்றலாம் என்று பரிந்துரைத்தது. அரசு அந்த வடிவத்தை 2019இல் ஏற்கவில்லை. முப்பது ஆண்டுப் பழக்கத்தில் மக்களுக்கு அந்த வாரியம் சொந்தமாகிப் போயிருந்தது என்பதுதான் காரணம் என்று நினைக்கிறேன். சுமையைக் குறைக்கச் சொல்லிப் புலம்புபவர்கூடச் சாவியைத் திருப்பிக் கொடுக்க மனம் வராமல் இருப்பது மனித இயல்பு.

இங்கிலாந்தைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். 1988ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்துக்குப் பின் பள்ளியின் வரவு செலவுத் திட்டம் ஆளுநர் குழுவின் கைக்கு வந்தது. பெற்றோர் ஆளுநர்களைப் பெற்றோரே தேர்ந்தெடுக்கிறார்கள். யாருக்கும் ஊதியம் இல்லை. பள்ளியின் திசையை வகுப்பது, தலைமையாசிரியரைக் கேள்வி கேட்பது, பணத்தைக் கவனிப்பது என்று அவர்கள் பணி மூன்றே வரிகளில் வரையறுக்கப்பட்டிருப்பது பாராட்டத்தக்கது. ‘கேள்வி கேட்பது’ என்பதைக் கடமையாகவே எழுதி வைத்தால், கேட்பவர் அவமரியாதை செய்கிறார் என்ற சங்கடம் இரு தரப்புக்கும் இல்லாமல் போகிறது. எங்கள் குழுவில் இந்த ஒரு வரி இருந்திருந்தால் எனக்கு ஓராண்டு மிச்சமாகியிருக்கும்.

அதிகாரத்திலிருந்து பணத்துக்கு வந்தால் படம் வேறு விதமாகத் தெரிகிறது. உள்ளூர் ஆட்சிக்கு மிகப் பழைய எடுத்துக்காட்டு அமெரிக்காதான். ஐம்பது குடும்பங்கள் வாழும் ஊர் ஓர் ஆசிரியரை அமர்த்த வேண்டும் என்று மாசசூசெட்ஸ் குடியேற்றத்தில் 1647லேயே சட்டம் இயற்றினார்கள். இன்று அந்நாட்டில் ஏறத்தாழ 13,000 கல்வி மாவட்டங்கள் உள்ளன. பெரும்பாலானவற்றை மக்கள் தேர்ந்தெடுத்த வாரியங்கள் நடத்துகின்றன. பள்ளிச் செலவில் பாதிக்குச் சற்றுக் குறைவான பங்கு உள்ளூரில், பெரும்பாலும் சொத்து வரியாகத் திரட்டப்படுகிறது. தன் பள்ளிக்குத் தானே வரி விதித்துக்கொள்ளும் ஊர் என்பது கேட்க எவ்வளவு இனிமையாக இருக்கிறது! அந்த இனிமையின் மறுபக்கத்தைப் பார்க்க டெக்சஸ் மாநிலத்தின் சான் அந்தோனியோ நகருக்குப் போக வேண்டும்.

அந்நகரில் எட்ஜ்வுட், அலமோ ஹைட்ஸ் என்று இரு கல்வி மாவட்டங்கள். 1967–68ஆம் கல்வியாண்டில், ஏழைகள் வாழ்ந்த எட்ஜ்வுட் தன் சொத்துகளின் மீது 100 டாலர் மதிப்புக்கு 1.05 டாலர் வரி விதித்தது. வசதியானவர்கள் வாழ்ந்த அலமோ ஹைட்ஸ் 0.85 டாலர்தான் விதித்தது. எல்லா மாவட்டங்களுக்கும் குறைந்தபட்ச நிதியை உறுதி செய்யும் மாநில அடிப்படைத் திட்டத்துக்கான பங்கு போக, எட்ஜ்வுட்டுக்கு அந்த வரியிலிருந்து ஒரு மாணவருக்குக் கிடைத்தது 26 டாலர். அலமோ ஹைட்ஸுக்கு 333 டாலர். கூடுதலாக வரி கொடுத்தவருக்குப் பன்னிரண்டில் ஒரு பங்குக்கும் குறைவாகக் கிடைத்தது. எட்ஜ்வுட் பெற்றோர் தொடுத்த வழக்கு நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை சென்று, 1973இல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தோற்றது. அந்தத் தீர்ப்பில் நீதிமன்றம் உயர்த்திப் பிடித்த காரணங்களில் ஒன்று ‘உள்ளூர்க் கட்டுப்பாடு’ என்பதை நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். வெறும் 26 டாலரை வைத்துக்கொண்டு எட்ஜ்வுட் வாரியம் எதைக் கட்டுப்படுத்தியிருக்கும்? பின்னர் 1989இல் டெக்சஸ் மாநில உச்ச நீதிமன்றம், மாநில அரசமைப்பின் அடிப்படையில் அந்த நிதி முறையைச் செல்லாது என்றது. அதற்குள் ஒரு தலைமுறை படித்து முடித்து வெளியேறிவிட்டது.

வாரியத் தேர்தலிலும் ஒரு குறை உண்டு. மற்றத் தேர்தல்களோடு சேராத நாளில் தனியாக நடத்தினால் வாக்களிக்க வருபவர் மிகச் சிலரே. பள்ளியில் பிள்ளை இல்லாத, சொத்து வரி உயரக் கூடாது என்று மட்டும் நினைக்கும் முதியவரின் வாக்கும், ஒரே ஒரு கோபத்தோடு வரும் சிறு குழுவின் வாக்கும் அங்கே அளவுக்கு மீறி எடை பெறுகின்றன. சேவையைப் பயன்படுத்துபவர் ஒருவர், அதன் விதிகளை எழுதுபவர் இன்னொருவர் என்றாகிவிடுகிறது.

தென்னாப்பிரிக்காவின் 1996ஆம் ஆண்டுப் பள்ளிச் சட்டத்தை இத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். நிறவெறி ஆட்சி முடிந்த கையோடு எழுதப்பட்ட அச்சட்டம், ஆட்சிக் குழுவில் வாக்குரிமையுள்ள மற்றவர்களின் கூட்டுத்தொகையைவிடப் பெற்றோர் ஒருவராவது கூடுதலாக இருக்க வேண்டும் என்று கணக்கிட்டுச் சொன்னது. ஆசிரியர் நியமனத்துக்குப் பரிந்துரை, சேர்க்கைக் கொள்கை, மொழிக் கொள்கை, பெற்றோர் கூட்டத்தின் ஒப்புதலோடு கட்டணம் என எல்லாவற்றையும் அந்தக் குழுவிடம் கொடுத்தது. முன்பு வெள்ளையருக்கு மட்டும் என்றிருந்த பள்ளிகள் நல்ல கட்டணம் வசூலித்துக் கூடுதல் ஆசிரியர்களைச் சொந்தமாகவே அமர்த்திக்கொண்டன. வேலையற்றோர் நிறைந்த குடியிருப்புப் பகுதிகளின் பள்ளிகளுக்கு அதே உரிமை காகிதத்தில் மட்டும் இருந்தது. 2007 முதல் ஏழைப் பகுதிப் பள்ளிகள் கட்டணமில்லாப் பள்ளிகளாக அறிவிக்கப்பட்டன. சேர்க்கையிலும் மொழியிலும் சில குழுக்கள் தங்கள் மறுக்கும் உரிமையைப் பிற இனக் குழந்தைகளை வெளியே நிறுத்தப் பயன்படுத்தின என்ற நெடுங்காலப் புகாருக்குப் பின், 2024இல் கையெழுத்தான திருத்தச் சட்டம் அவ்விரண்டிலும் இறுதி முடிவை மாகாணக் கல்வித் துறைத் தலைவரிடம் கொடுத்தது. என் அளவுகோலுக்கே இது ஒரு பாடம். ஒரு குழுவால் மறுக்க முடிகிறதா என்று பார்த்தால் போதாது. யாருக்கு எதிராக மறுக்கிறது என்றும் பார்க்க வேண்டும். அதிகாரிக்கும் தலைமையாசிரியருக்கும் ‘மாட்டோம்’ என்று சொல்லும் குழு வேறு. வாசலில் நிற்கும் குழந்தைக்கு அதையே சொல்லும் குழு வேறு.

இந்தியாவின் கல்வி உரிமைச் சட்டம் 2009இல் இயற்றப்பட்டு 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் 21ஆம் பிரிவு பள்ளி மேலாண்மைக் குழுவை வகுக்கிறது: உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் அல்லது பாதுகாவலர், நலிந்த பிரிவுக் குழந்தைகளின் பெற்றோருக்கு உரிய விகிதத்தில் இடம், பாதி இடங்கள் பெண்களுக்கு. உறுப்பினர் அமைப்பை மட்டும் வைத்து மதிப்பெண் போட்டால் இதைவிட நேர்த்தியான சட்டத்தைக் காண்பது அரிது. பணிகளைப் படிக்கும்போதுதான் குரல் தணிகிறது. பள்ளியின் செயல்பாட்டைக் கண்காணித்தல், பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தைத் தயாரித்துப் பரிந்துரைத்தல், மானியம் செலவாவதைக் கண்காணித்தல் என்று வினைச்சொற்கள் எல்லாமே பார்ப்பதும் சொல்வதுமாக இருக்கின்றன. தலைமையாசிரியரைத் தேர்ந்தெடுப்பதிலோ, பணிமாற்றத்தைத் தடுப்பதிலோ, காலியிடத்தை நிரப்புவதிலோ குழுவுக்குச் சட்டத்தில் இடமில்லை. அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் சிறுபான்மைப் பள்ளிகளிலும் அது ஆலோசனைக் குழுவாக மட்டுமே இயங்கும் என்று 2012ஆம் ஆண்டுத் திருத்தம் கூறியது. குழு தயாரிக்கும் திட்டமே அரசின் மானியத்துக்கு அடிப்படையாக வேண்டும் என்று 22ஆம் பிரிவு சொல்வது உண்மைதான். அப்படி எழுதிக் கொடுத்த திட்டத்துக்கு மாறாக மானியம் வந்தால் குழு என்ன செய்ய வேண்டும் என்று அது சொல்லவில்லை.

இங்கே ஒரு மறுப்புக்கு இடம் தர வேண்டும். மக்களுக்கு அவர்களுடைய உரிமைகளை எடுத்துச் சொன்னாலே போதும், அவர்கள் கேட்கத் தொடங்கிவிடுவார்கள் என்று நம்புபவர்கள் பலர். நானும் ஒரு காலத்தில் அந்தப் பக்கம்தான். உத்தரப் பிரதேசத்தின் ஜவுன்பூர் மாவட்டத்தில் 280 கிராமங்களில் 2005–06இல் நடந்த ஓர் ஆய்வு என்னை அங்கிருந்து நகர்த்தியது. அப்போது அங்கே கிராமக் கல்விக் குழுக்கள் இருந்தன. பெற்றோரில் மிகப் பெரும்பாலோருக்கு அப்படியொரு குழு இருப்பதே தெரியாது. உறுப்பினர்களிலேயே ஒரு பகுதியினருக்குத் தாங்கள் உறுப்பினர்கள் என்பது தெரியாது. சில கிராமங்களில் கூட்டம் கூட்டிக் குழுவின் உரிமைகளை விளக்கினார்கள். இன்னும் சில கிராமங்களில் அத்தோடு, தங்கள் பிள்ளைகளின் வாசிப்பைத் தாங்களே சோதித்து அறியவும் ஊர்க்காரர்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். இவ்விரண்டாலும் குழு உயிர்பெறவில்லை. ஆசிரியரின் வருகையும் மாறவில்லை. பிள்ளைகளின் கற்றலும் மாறவில்லை. மூன்றாவது வகைக் கிராமங்களில் மட்டும், உள்ளூர் இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்துப் பள்ளிக்கு வெளியே வாசிப்பு வகுப்பு நடத்தச் செய்தார்கள். அந்த வகுப்புக்குப் போன பிள்ளைகள் படிக்கக் கற்றுக்கொண்டார்கள். ஊர் மக்களுக்கு அக்கறை இல்லாமல் இல்லை. அக்கறை பலன் தரும் வழியைக் காட்டினால் வருகிறார்கள், மனு எழுதி அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் வழியைக் காட்டினால் வருவதில்லை. கூலியை விட்டுவிட்டு வருபவரின் கணக்கு அது. அதில் பிழை காண நமக்கு உரிமையில்லை.

இதற்கு நேர் துணையாக நிற்பது இந்தோனேசியாவின் ஜாவாத் தீவில் 520 தொடக்கப் பள்ளிகளில் நடந்த சோதனை. பள்ளிக் குழுக்களுக்குப் பணம் தந்தார்கள், பயிற்சி தந்தார்கள், சில இடங்களில் உறுப்பினர்களைத் தேர்தல் மூலம் வரச் செய்தார்கள், சில இடங்களில் பள்ளிக் குழுவையும் கிராம மன்றத்தையும் ஒன்றாக உட்கார வைத்துத் திட்டமிடச் செய்தார்கள். பணத்தாலும் பயிற்சியாலும் கற்றலில் சொல்லத்தக்க மாற்றம் வரவில்லை. கிராம மன்றத்தோடு இணைத்த இடங்களில் வந்தது. இணைப்போடு தேர்தலும் சேர்ந்த இடங்களில் இன்னும் நன்றாக வந்தது. பள்ளிக் குழு தனியாகக் கேட்டால் காதில் விழாத செய்தி, ஊரில் அதிகாரமுள்ள ஒருவர் பக்கத்தில் அமர்ந்து கேட்டால் விழுகிறது. சட்டம் மறுக்கும் உரிமையைத் தராத இடத்தில் அதைக் கடனாகவாவது பெறலாம் என்று இதற்குப் பொருள் கொள்கிறேன். எங்கள் குழுவிலும் குடிநீர்த் தொட்டிக்காக எழுதிய மூன்று கடிதங்களுக்குப் பதில் வரவில்லை. உள்ளாட்சி உறுப்பினர் ஒருவர் எங்கள் கூட்டத்துக்கு வந்து ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போன பிறகு தொட்டி வந்தது.

அதிகாரம் கொடுத்தால் மட்டும் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்வதாகக் கொள்ள வேண்டாம். மேற்குக் கென்யாவில் கூடுதல் ஆசிரியரை ஒப்பந்த அடிப்படையில் அமர்த்தப் பள்ளிக் குழுக்களுக்குப் பணமும் உரிமையும் தரப்பட்டபோது, ஏற்கெனவே பணியிலிருந்த ஆசிரியர்களின் உறவினர்கள் அந்த வேலைகளில் கணிசமாக நுழைந்தார்கள். எப்படி ஆள் தேர்வு செய்வது, எப்படிக் கண்காணிப்பது என்று குழுவுக்குப் பயிற்சி தரப்பட்ட பள்ளிகளில் இது குறைந்தது. ஜாவாவில் பலன் தராத பயிற்சி கென்யாவில் பலன் தந்ததற்குக் காரணம், அங்கே அந்தப் பயிற்சியைக் கொண்டு செய்வதற்கு ஒரு வேலை இருந்தது என்பதே என் ஊகம். நீச்சல் பாடம் குளத்தின் அருகில் நடக்க வேண்டும்.

எல் சல்வதோர் நாட்டின் அனுபவம் எதிர்த் திசையில் எச்சரிக்கிறது. உள்நாட்டுப் போரின்போது அரசு ஆசிரியர்கள் எட்டாத கிராமங்களில் மக்களே ஆசிரியரை அமர்த்திப் பள்ளி நடத்தி வந்ததைப் பார்த்து, 1991இல் அரசு அதையே ஒரு திட்டமாக்கியது. பெற்றோர் சங்கத்துக்கு அரசு பணம் அனுப்பும். சங்கம் ஓராண்டு ஒப்பந்தத்தில் ஆசிரியரை அமர்த்திச் சம்பளம் தரும். ஆசிரியர் வருகை சீரானது. மிக ஏழைக் கிராமங்களுக்குப் பள்ளி போய்ச் சேர்ந்தது. ஆனால் ஆண்டுக்கு ஆண்டு வேலை நிச்சயமில்லாமல் வாழ்ந்த ஆசிரியர்களும், ஊதியமில்லாமல் கணக்கு எழுதிய பெற்றோரும்தான் அந்தச் சிக்கனத்துக்கு விலை கொடுத்தார்கள். 2009க்குப் பின் வந்த அரசு அந்த ஆசிரியர்களைப் பொதுப் பணி முறைக்குள் கொண்டுவந்து திட்டத்தை முடித்துவைத்தது. ஒருவரை வேலையிலிருந்து நீக்கும் உரிமையைவிட, ஒருவரைத் தேர்ந்தெடுக்கும்போது ‘இவர் வேண்டாம்’ என்று சொல்லும் உரிமையே பள்ளிக் குழுவுக்கு ஏற்றது என்று இதிலிருந்து எனக்குத் தோன்றுகிறது.

ஊரின் ஆதரவு என்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஏனெனில் ஆட்சியில் இடம் தராத பல அரசுகள் ஆதரவை மட்டும் கைநீட்டிக் கேட்கின்றன. கொடுக்க மக்கள் தயங்கியதில்லை. பழைய சென்னை மாநிலத்தில் 1950களின் பிற்பகுதியில், நெ. து. சுந்தரவடிவேலு பொதுக் கல்வி இயக்குநராக இருந்தபோது நடந்த பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊர் மக்கள் நிலமும் கட்டடமும் மேசை நாற்காலியும் சீருடையும் கொண்டுவந்து குவித்தார்கள். 1963இல் விடுதலை பெற்ற கென்யாவில் ‘ஹராம்பே’ என்ற கூட்டு முயற்சி அழைப்பை ஏற்று மக்கள் தாங்களே மேல்நிலைப் பள்ளிகளைக் கட்டினார்கள். இரண்டும் நெஞ்சை நிறைக்கும் வரலாறுகள். ஆனால் ஊருக்கு ஏற்பத்தான் கொடை. வளமான வட்டாரம் ஆய்வுக்கூடம் கட்டும். வறண்ட வட்டாரம் சுவர் எழுப்பிவிட்டுக் கூரைக்குக் காத்திருக்கும். அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரில் பல ஆண்டுகள் ஒரு விதி இருந்தது: ஆசிரியரை அமர்த்துவதற்காக ஒரு பள்ளியின் பெற்றோர் திரட்டும் தொகையில் முதல் 10,000 டாலருக்கு மேற்பட்டதில் மூன்றில் ஒரு பங்கு பொது நிதிக்குப் போய்ப் பிற பள்ளிகளுக்குப் பகிரப்பட வேண்டும். நன்கொடை தருபவரிடமிருந்தும் பங்கு பிடிப்பதா என்று முணுமுணுப்பு எழாமல் இல்லை. நான் அறிந்த வரையில் ஆதரவுக்கும் சமத்துவத்துக்கும் நடுவே இவ்வளவு வெளிப்படையாகக் கோடு போட்ட விதி அதிகம் இல்லை.

இனி, உறுப்பினர் கொடுக்கும் விலை. மாதம் ஒரு கூட்டம் என்று சொல்வார்கள். கூட்டத்துக்கு முன் படிக்க வேண்டிய தாள்கள், பின்பு பார்க்க வேண்டிய வேலைகள், வழியில் நிறுத்திக் குறை சொல்லும் பெற்றோர் என்று அது மாதத்துக்கு நான்கைந்து மாலைகளை எடுத்துக்கொள்ளும். தன் பிள்ளைக்கு ஏதேனும் எதிர்விளைவு வருமோ என்ற அச்சம் பேசாத உறுப்பினர் பலரின் நாவைக் கட்டியிருக்கிறது. இதை யாரும் குறிப்பேட்டில் எழுதுவதில்லை. பாதி இடம் பெண்களுக்கு என்று சட்டம் சொன்னாலும், கூட்டத்தைப் பிள்ளைகள் வீடு திரும்பும் நேரத்தில் வைத்தால் அந்தப் பாதியும் வருகைப் பதிவேட்டோடு முடிந்துவிடும். கூட்ட நேரத்தை உறுப்பினர்களே முடிவு செய்வது என்ற சிறு மாற்றத்துக்கு அரசாணை எதுவும் தேவையில்லை. எங்கள் குழுவில் அதைச் செய்தபின் பேசுபவர்களின் எண்ணிக்கை இரண்டிலிருந்து ஏழானது.

மதிப்பெண் கேட்பவர்களுக்காகச் சொல்கிறேன். ஐந்துக்கு, நியூசிலாந்து ஏற்பாட்டுக்கு நான்கு தருவேன். குறைந்த ஒன்று, ஏழைப் பகுதி வாரியங்களைத் தனியே தவிக்க விட்டதற்கு. சிகாகோவுக்கு மூன்றரை. தென்னாப்பிரிக்காவுக்கு மூன்று, திருத்தத்துக்குப் பின் என்ன ஆகிறது என்று பார்த்து மாற்றிக்கொள்வேன். அமெரிக்கச் சொத்து வரி முறைக்கு, அலமோ ஹைட்ஸில் வாழ்பவரானால் ஐந்து, எட்ஜ்வுட்டில் வாழ்பவரானால் ஒன்று. இந்தியச் சட்டத்துக்கு, உறுப்பினர் அமைப்புக்கு ஐந்தும் அதிகாரத்துக்கு ஒன்றரையும் தந்து, கூட்டிச் சராசரி எடுக்காமல் விட்டுவிடுகிறேன். ஏனென்றால் சராசரி எடுத்தால் கிடைக்கும் மூன்றேகால் இரண்டு உண்மைகளையுமே மறைத்துவிடும்.

இந்தச் சேவையைப் பயன்படுத்தலாமா என்று யோசிக்கும் பெற்றோருக்கு என் பரிந்துரை, பெயர் கொடுங்கள் என்பதே. உறுப்பினரானதும் சென்ற இரண்டு ஆண்டுகளின் தீர்மானப் புத்தகத்தைக் கேட்டு வாங்கி, எத்தனை தீர்மானங்கள் திருத்தப்பட்டிருக்கின்றன, எத்தனை தள்ளிவைக்கப்பட்டிருக்கின்றன, எத்தனை இடத்தில் ஒருவராவது மாற்றுக் கருத்தைப் பதிவு செய்திருக்கிறார் என்று எண்ணிப் பாருங்கள். எங்கள் புத்தகத்தில் நான் எண்ணியபோது மொத்தம் ஒன்று இருந்தது. அதுவும் ஆண்டு விழாத் தேதி பற்றியது.